மலைச் சைக்கிளும் அதன் தடைத்தகடும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய கலிபோர்னியாவில், மாரின் கவுண்டி என்னும் பகுதியில், பேர்பாக்ஸ் என்றொரு சிற்றூர் உளது. அதனையடுத்த பைன் மலையினின்று இறங்கும் மண்பாதை ஒன்றில், 1976-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், இளைஞர் சிலர் பழைய சைக்கிள்களில் ஏறி, முதலில் அடிவாரம் சேர்பவர் யாவர் எனப் பந்தயம் வைத்தனர். இரண்டு மைலுக்குள்ளாகவே 1,300 அடி சரியும் பாதை அது. அவர்தம் வண்டிகளுட் பலவற்றில், மிதிகட்டையைப் பின்னோக்கி அழுத்தினாற் பிடிக்கும் பழைய தடையே பின்சக்கரத்துக் குடத்தினுள் இருந்தது. அடிவாரம் சேர்வதற்குள் அக்குடம் காய்ந்து கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் முழுதும் புகையாய்ப் போய்விடும். மறுமுறை மலையேறுமுன் குடத்தைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைத்தாக வேண்டும். மீண்டும் அடைத்தல் எனப் பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பாதைக்கும் பந்தயத்திற்கும் பெயராய் நிலைத்துவிட்டது.

மலைச் சைக்கிள் தோன்றி வளர்ந்த இடங்களுள் இது தலையாயது. இவ்வரலாற்றை முதற்கண் கூறியதற்குக் காரணம் உண்டு. தடைத்தகட்டின் அளவைப் பற்றி வினவுவோர், "எது விரைவில் நிறுத்தும்?" என்றே வினவுகின்றனர், "எது உஷ்ணத்தைத் தாங்கும்?" என்று வினவுவோர் சிலரே. பைன் மலையில் கிரீஸ் புகைந்த நாள் முதலாக, இறக்கத்தில் செல்வோனுக்கு இரண்டாம் வினாவே உயிர்நிலையாக இருந்து வருகிறது.

உஷ்ணத்தின் அளவைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ எடை என்க. 1,300 அடி என்பது ஏறக்குறைய 400 மீட்டர். அவ்வுயரத்தினின்று இறங்கி அடிவாரத்தில் நிற்பதற்குள் ஏறக்குறைய 3,92,000 ஜூல் சக்தியைக் கழித்தாக வேண்டும். 30 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர 2,93,000 ஜூல் வேண்டும். ஆகவே, நம் சைக்கிள்காரன் ஒருமுறை இறங்குங்கால் கழிக்கும் சக்தி, ஒன்றே கால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இதில் ஒரு பங்கினைக் காற்றும் மண்ணும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியது தடையின் தலையிலேயே விழும்.

இனி, இக்காலத்துத் தடையைக் காண்போம். சக்கரத்தின் குடத்தோடு பூட்டப்பெற்று அதனுடன் சுழலும் மெல்லிய எஃகு வட்டம் ஒன்று உண்டு. கடைக்காரர் அதனை டிஸ்க் என்றும் ரோட்டர் என்றும் கூறுவர். ஈண்டுத் தகடு என்றே வழங்குவாம். கைப்பிடியை அழுத்தினால், குழாயினுள் இருக்கும் எண்ணெய் காலிப்பரின் உந்துதண்டுகளைத் தள்ள, அவை இருபுறமும் உள்ள பேடுகளைத் தகட்டின்மேல் நெருக்கும். தகட்டின் விட்டம் மலைச் சைக்கிளில் பெரும்பாலும் 160, 180, 200, 203, 220 மில்லிமீட்டர் என்னும் அளவுகளில் வரும்.

பெரிய தகடு ஏன் வலிதாய்ப் பிடிக்கிறது? கதவைக் கீலருகே கைவைத்துத் தள்ளுவோன் படும் பாட்டையும், விளிம்பிலே கைவைத்துத் தள்ளுவோனின் எளிமையையும் நினைத்துப் பார்க்க. சக்கரத்தின் நடுவினின்று பேடு எவ்வளவு தொலைவில் பற்றுகிறதோ, அவ்வளவுக்கு அதன் வலிமை மிகும். 160-ஐ விடுத்து 180-க்குச் சென்றால் அதே கையழுத்தத்திற்கு நூற்றுக்கு 12 பங்கும், 203-க்குச் சென்றால் நூற்றுக்கு 27 பங்கும் வலிமை கூடும். பேடு பற்றுமிடம் விளிம்பிற்குச் சற்று உள்ளே இருத்தலின், உண்மைக் கணக்கு இதனினும் சிறிது மிகும்.

ஆயினும், பெரிய தகடு உஷ்ணத்தைக் குறைக்கும் என்று எண்ணுதல் பிழை. மலையின் உயரமும் வண்டியின் எடையும் மாறாதவரை, கழிக்க வேண்டிய சக்தியும் மாறாது. மிகுந்த உலோகத்தில் அவ்வுஷ்ணத்தைப் பரப்பி, அகன்ற மேற்பரப்பினால் அதனை விரைவிற் காற்றிலே விடுவதே பெரிய தகட்டின் உதவி. சிறிய தகடோ காய்ந்து, பேட்டையும் காய்ச்சி, அதன் வழியே எண்ணெயையும் காய்ச்சும். டாட் 4 என்னும் வகை எண்ணெய் புதியதாயிருக்குங்கால் குறைந்தது 230 பாகை வரை கொதியாது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறிய பின்னர் அதற்கு விதிக்கப்பட்ட கீழெல்லை 155 பாகையே. எண்ணெய் கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் தோன்றும். நீர்மம் அழுத்தத்திற்கு இணங்காது, ஆவி இணங்கும். அப்பொழுது கைப்பிடி எதிர்ப்பின்றி ஹேண்டில்பார் வரை வந்துவிட, வண்டி மட்டும் தன் போக்கிற் சென்றுகொண்டிருக்கும். இதனை ஒருமுறை அனுபவித்தவன் இரண்டாம் முறை தகட்டின் விலையைப் பற்றிப் பேரம் பேசமாட்டான்.

அளவைத் தெரிந்தெடுக்குங்கால் முதலில் நோக்க வேண்டுவது எடை. 55 கிலோ எடையுள்ளவனுக்கும் 95 கிலோ எடையுள்ளவனுக்கும் ஒரே தகடு போதும் என்பது பொருந்தாது. மின்விசை பொருந்திய மலைச் சைக்கிள்கள் 20 கிலோவுக்கு மேலும் நிறுக்கும். அவற்றின் பாரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தது இறக்கத்தின் நீளம். குறுகிய செங்குத்தைக் காட்டிலும், நெடுநேரம் தடையைப் பற்றிக்கொண்டே இறங்கும் பாதை மிகக் கொடியது. தகடு ஆறுவதற்கு இடைவேளை இராமையே காரணம்.

மூன்றாவது சக்கரத்தின் அளவு. பலரும் இதனை மறந்துவிடுகின்றனர். 26 அங்குலச் சக்கரத்தினும் 29 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெரிது. டயர் நிலத்தைத் தொடும் இடம் அவ்வளவுக்கு நடுவினின்று விலகி நிற்பதால், தகட்டின் பிடி அவ்வளவுக்குத் தளரும். பழைய 26 அங்குல வண்டியில் 160 தகடு தந்த பிடியைப் பெற, 29 அங்குல வண்டிக்கு ஏறக்குறைய 175 வேண்டும். முன்னாளில் 160 போதுமாயிருந்ததே என்று முதியோர் கூறுவது மெய்யே. அவர் ஏறியது வேறு சக்கரம்.

முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஒன்றாகக் கருதலாகாது. தடை பிடித்தவுடன் பாரம் முன்னோக்கிச் சாயும். பின்சக்கரம் இலேசாகி எளிதில் வழுக்கும். ஆதலின் முன்னே ஒரு படி பெரிய தகடும், பின்னே ஒரு படி சிறியதும் இடுவது வழக்கம். மெலிந்த உடலும் மென்மையான பாதையும் உடையவனுக்கு முன் 180, பின் 160 அமையும். நடுத்தர உடலும் கல்லும் வேரும் நிறைந்த பாதையும் எனின் முன் 203, பின் 180 என்பதே என் கருத்து. கனத்த உடலினர், மின்விசை வண்டியினர், நெடும் இறக்கமே தொழிலாகக் கொண்டோர் ஆகியோர் இருபுறமும் 203 அல்லது அதற்கு மேலும் கொள்ளலாம். பின்தடையையே ஓயாது இழுத்துப் பிடித்து இறங்கும் பழக்கமுடையோருக்குப் பின்தகடே மிகக் காயும். அவர்க்குப் பின்னும் பெரிய தகடு வேண்டும் என்பாரும் உளர். அவர் கூற்றில் நியாயம் உண்டு. எனினும் அப்பழக்கத்தை விடுவது செலவற்ற மருந்து.

எனில், பெரியதை இட்டுவிட்டால் தீர்ந்தது என்னலாமோ? அன்று. பெரிய தகடு கல்லில் இடிபட்டு எளிதில் வளையும். டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பற்றே தடையின் முடிவான எல்லை. சிறு தொடுதலிலேயே சக்கரம் வழுக்கும் இலேசான ஓட்டிக்குப் பெரிய தகட்டினால் தீங்கே மிகும். முன்கவையும் சட்டமும் தாங்கும் பேரளவு இதுவென்று அவற்றைச் செய்தோர் விதித்துள்ளனர். அதனைக் கடத்தல் ஆகாது. காலிப்பரைப் பூட்டும் முளைகளும் 160, 180, 200 என ஓர் அளவிற்கே வார்க்கப்படுகின்றன. சிறியதினின்று பெரியதற்கு ஏற அடாப்டர் என்னும் இணைப்புத் துண்டு உண்டு; பெரியதற்கு வார்த்த முளையிற் சிறிய தகட்டைப் பொருத்த வழியில்லை.

இதில் என் தமக்கையின் மகன் பட்ட பாடு நினைவிற்கு வருகிறது. அவனது 180 முன்தகடு வளைந்துவிட, கடையொன்றில் 160 தகட்டை மாட்டிக் கொடுத்தனர், அடாப்டரையோ கழற்றவில்லை. காலிப்பர் பழைய உயரத்திலேயே நின்றமையால், பேட்டின் கீழோரம் மட்டுமே தகட்டைப் பற்றிற்று. சில வாரங்களில் அவ்வோரம் தேய, தேயாத மேற்பகுதிகள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பிள்ளை ஒருநாள் சரிவில் தடையை முழுவலிமையோடு அழுத்தினான். பேடுகள் ஒன்றையொன்று அழுத்தினவேயன்றித் தகட்டை அழுத்தவில்லை. முள்வேலியே அவனை நிறுத்திற்று. இரண்டு திருகாணிகளைக் கழற்றி அத்துண்டை எடுத்திருந்தால் அனைத்தும் சரியாய் இருந்திருக்கும்.

200-க்கும் 203-க்கும் உள்ள வேறுபாட்டையும் அற்பமென்று தள்ளலாகாது. ஆரத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர். ஒன்றின் அடாப்டர் மற்றொன்றிற்கு ஒவ்வாது. குடத்தில் பூட்டும் முறையும் இருவகை: ஆறு திருகாணிகளாற் பூட்டுவது ஒன்று, ஷிமானோ கம்பெனியாரின் சென்டர்லாக் என்னும் பல்வரிசைப் பூட்டு மற்றொன்று. வாங்குமுன் குடத்தைப் பார்த்துக்கொள்க.

புதுத் தகட்டை இட்டவுடன் மலைக்கு ஓடலாகாது. சமநிலத்தில் நடுத்தர வேகத்தில் சென்று, முழுதும் நிறுத்தாமல், இருபது முறையேனும் தடையைப் பிடித்து விடுக. பேட்டின் பொருள் தகட்டின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்த பின்னரே முழுப் பிடி பிறக்கும். ஷிமானோ தகடு புதிதில் 1.8 மில்லிமீட்டர் கனம் உடையது; 1.5-க்குத் தேய்ந்தால் மாற்றுக என்று அதிலேயே பொறித்திருப்பர். இறங்கி முடித்தவுடன், காய்ந்ததா என அறியத் தகட்டை விரலால் தொடுவோர் உளர், கொப்புளம் எழும். துளி நீரைத் தெளித்தால் போதும். அது சீறி எழுந்தால், சற்று நேரம் நிழலில் அமர்ந்து வண்டியை ஆறவிட்டுப் பின்னர்ப் புறப்படலாம்.