சுற்றறிக்கை வந்தும் கண்ணில் படாதது ஏன்?

தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வாகும் எட்டாம் வகுப்பு மாணவருக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. விண்ணப்பத்தின் கடைசி நாளைச் சொல்லும் மின்னஞ்சல் விளம்பரங்களுக்கிடையே புதைந்துபோனால் இழப்பு மாணவருக்கே. இதைத் தவிர்க்கவே பல பள்ளிகளில் ஜிமெயிலில் ‘ஃபில்டர்’ விதி அமைத்து, அலுவலகக் கடிதங்களைத் தனி லேபிளில் சேர்க்கிறோம். ஆனாலும் சில கடிதங்கள் விதியில் சிக்குவதில்லை. ஏன்?

ஃபில்டர் நம் கைப்பேசியில் அன்று, ஜிமெயிலின் சர்வரில் இயங்குகிறது. கடிதத்தை அனுப்பியது யார் என்று அது ஊகிப்பதில்லை. தலைப்பகுதியில் எழுதியிருப்பதை மட்டுமே ஒப்பிடுகிறது. அதனால் கவனிக்க வேண்டியவை:

1. அனுப்புநர்: மாவட்ட அலுவலகக் கடிதத்தை வட்டார அலுவலகம் ஃபார்வர்டு செய்தால், அனுப்புநர் முகவரி வட்டார அலுவலகத்துடையது. மாவட்ட முகவரிக்கான விதி பொருந்தாது.

2. பெறுநர்: எல்லாப் பள்ளிகளுக்கும் ‘பிசிசி’யில் அனுப்பினால், ‘டு’ பகுதியில் நம் பள்ளி முகவரி இருக்காது. குழு முகவரிக்கு அனுப்பினாலும் அப்படியே. பெறுநரை வைத்து அமைத்த விதியை இங்கே நம்ப முடியாது.

3. அரைகுறைச் சொல்: ஜிமெயில் சொல்லின் ஒரு பகுதியைக் கொண்டு தேடுவதில்லை. முகவரியை முழுமையாகத் தர வேண்டும். பல முகவரிகள் இருந்தால் இடையில் ‘அல்லது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் இடலாம்.

4. பழைய கடிதங்கள்: புதிய விதி இனி வருபவற்றுக்கே பொருந்தும். ஏற்கெனவே உள்ளவற்றுக்கும் வேண்டுமெனில், விதியை அமைக்கும்போதே அதற்கான கட்டத்தில் டிக் செய்ய வேண்டும்.

சரிபார்ப்பது எளிது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, தவறிய கடிதத்தின் மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ‘ஃபிரம்’, ‘டு’ வரிகளில் உள்ள முகவரியை அப்படியே நகலெடுங்கள். தேடல் கட்டத்தின் ஓரத்திலுள்ள குறியை அழுத்தி, உரிய இடத்தில் ஒட்டி, முதலில் தேடிப் பாருங்கள். தவறிய கடிதம் முடிவில் வந்தால் மட்டும் ‘கிரியேட் ஃபில்டர்’ கொடுங்கள். லேபிளுடன் ‘ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்ற தெரிவையும் சேர்ப்பது நல்லது. ‘இன்பாக்ஸைத் தவிர்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். கடிதம் இன்பாக்ஸிலும் தெரியட்டும்.

அலுவலக முகவரிகள் மாறக்கூடும். ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் வருகைப் பதிவேட்டைப் புதுப்பிக்கும்போது, இந்த விதிகளையும் ஒருமுறை சோதித்துவிடுவோம்.