பக்கந்தோறும் ஒரு தொடுதல்

ஒரு புரோகிராம் ஒரு ஃபங்ஷனிலிருந்து மற்றொன்றுக்குள் பிரவேசிக்கும்போது, காரியம் முடிந்து எங்கே திரும்ப வேண்டும் என்ற விலாசத்தையும், அக்காரியத்துக்குத் தற்காலிகமாக வேண்டிய தரவுகளையும் அடுக்கி வைத்து, கடைசியில் வைத்ததையே முதலில் எடுத்துக்கொள்ளும் நினைவகப் பகுதிக்கு ஸ்டாக் என்று பெயர். இன்டெல் வகைப் பிராசஸர்களில் அது மேல் விலாசத்திலிருந்து கீழ்நோக்கி வளரும். லினக்ஸில் அதற்குச் சாதாரணமாக 8 மெகாபைட் வரை அனுமதி உண்டு.

வரம்பு மீறி வளரும் ஸ்டாக், கீழேயுள்ள வேறு தரவுகளை நாசமாக்காதிருக்கும் பொருட்டு, படிக்கவோ எழுதவோ இயலாத காவல் பக்கம் ஒன்றை ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லையில் வைக்கிறது. அதைத் தொட்ட க்ஷணமே புரோகிராம் நிறுத்தப்படும். ஆனால் தொட்டால்தான் அக்காவல் விழித்துக்கொள்ளும். தாண்டிச் சென்றால் அதற்குத் தெரியாது. நினைவகத்தின் ஒரு பக்கம் என்பது சாதாரணமாக 4,096 பைட். ஸ்டாக் எல்லையை நெருங்கியிருக்கையில் ஒரு ஃபங்ஷன் 64,000 பைட்டை ஒரே மூச்சில் ஒதுக்கிக்கொண்டு, அதன் அடிக்கோடியில் முதல் எழுத்தை எழுதுமானால், அவ்வெழுத்து காவலுக்கு அப்பாலுள்ள அந்நியத் தரவின்மேல் விழுந்துவிடும். விபரீதம் நேர்ந்ததற்கு அடையாளமும் இராது.

இந்த அபாயம் 2005-லேயே எடுத்துக்காட்டப்பட்டதாயினும், 2017 ஜூனில் குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தார் 'ஸ்டாக் கிளாஷ்' என்ற பெயரில், இவ்வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் நிர்வாகியின் சர்வ அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்று லினக்ஸ், ஓப்பன்பிஎஸ்டி, சோலாரிஸ் முதலியவற்றில் நிரூபித்த பிறகே உலகம் விழித்தது. லினக்ஸ் காவல் இடைவெளியை 1 மெகாபைட்டாக விஸ்தரித்தது. எனினும், எவ்வளவு அகலமான காவலையும் அதைவிடப் பெரிய ஒதுக்கீடு தாண்டிவிடும்.

ஆகவே பூரணமான பரிகாரம், நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடமே இருக்கிறது. கேட்ட அளவு முழுவதையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாமல், பக்கம் பக்கமாக இறங்கி, ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்லும் கட்டளைகளை அது புரோகிராமினுள் சேர்த்துவிட்டால், எந்தப் பெரிய ஒதுக்கீடும் காவல் பக்கத்தைத் தொடாமல் கடக்க முடியாது. விண்டோஸில் ஸ்டாக் பக்கம் பக்கமாகவே வளர்வதால், கம்பைலரின் துணை நிரலான செக்-ஸ்டாக் இக்காரியத்தை நெடுங்காலமாகவே செய்துவருகிறது. ஜிசிசி என்ற கம்பைலர், 2018-ல் வெளிவந்த 8-ஆம் பதிப்பில், 'ஸ்டாக் கிளாஷ் புரொடெக்ஷன்' என்ற வசதியை அளித்தது.

சி மொழியில் எழுதும் இளைஞர்கள் அவ்வசதியை அவசியம் உபயோகிக்க வேண்டும். அதோடு, வெளியாரிடமிருந்து வரும் எண்ணைப் பரிசோதியாமல், அந்த அளவுக்கு ஸ்டாக்கில் இடம் ஒதுக்கும் வழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும்.