பிளக் பொருந்தினால் போதுமா?
பழைய மின்சாரக் கார் வாங்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை



பெட்ரோல், டீசல் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, கடைக்கு ஒரு மின்சாரக் கார் வாங்கலாமா என்று நம்மில் பலர் யோசித்து வருகிறோம். புதிய காரின் விலையைக் கேட்டதும், பழையது ஏதேனும் மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிக்கிறோம். நாங்களும் அப்படி விசாரித்து ஒன்றை வாங்கியவர்கள்தான். அதில் பட்டதை ஒளிக்காமல் எழுதினால் நாலு பேருக்கு உதவும் என்பதால் இக்கட்டுரை.

எங்கள் அனுபவம்

விருதுநகரில் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்கிறோம். வசூலுக்கும், சரக்கு மாதிரி காட்டுவதற்கும் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று தினமும் வண்டி ஓடியாக வேண்டும். ஒப்பந்தத்தில் அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஓடி முடித்த மின்சாரக் கார் ஒன்று குறைந்த விலைக்கு வந்தது. பேட்டரி பழசு, முழுதாக ஏற்றினால் 70 கிலோமீட்டர் ஓடும். சுற்று வட்டார ஊர்களுக்கு அது போதும். மதுரைக்குப் போய்வர மட்டும் போதாது. போக 50, வர 50 கிலோமீட்டர் ஆயிற்றே.

"மதுரையில்தான் சார்ஜிங் ஸ்டேஷன்கள் இருக்கின்றனவே, அங்கே ஏற்றிக்கொள்ளலாம்" என்றான் எங்கள் மூத்த மகன். ஆனால் அங்கே உள்ள பிளக் எங்கள் காரில் நுழையாது. அதற்கும் வழி இருப்பதாக ஒரு கடைக்காரர் சொன்னார். ரூ.40,000க்குச் சற்றுக் குறைவாக ஓர் அடாப்டர் கொடுத்தார். "இதை மாட்டினால் எந்த ஸ்டேஷனிலும் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும் அண்ணாச்சி" என்றார். பெட்டியின் மேலும் ஏறக்குறைய அப்படித்தான் அச்சிட்டிருந்தது. நம்பினோம்.

முதல் தடவை மதுரைக்குப் போன அன்றே விஷயம் தெரிந்துவிட்டது. அடாப்டர் இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தியது. ஸ்டேஷனின் திரையில் சில நொடிகள் ஏதோ ஓடியது. பிறகு பிழை என்று காட்டி நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றும் அதே கதிதான். அங்கிருந்த பையன் எங்கள் காரின் பேட்டரி விவரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, இது 72 வோல்ட் வண்டி. இந்த மெஷின் 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. எந்த அடாப்டர் போட்டாலும் ஏறாது" என்றான். அன்று இரவு கீழமாசி வீதியில் நமக்கு வேண்டிய ஒரு கடைக்காரரின் கிட்டங்கியில் காரை நிறுத்தி, சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஏற்றி, விடிந்த பிறகு ஊர் திரும்பினான் மகன்.

ஏன் இப்படி ஆயிற்று?

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் 110 வோல்ட் மிக்ஸி கொண்டுவந்தால் என்ன செய்கிறோம்? தட்டையான பின்னுக்கு நம் சாக்கெட்டில் பொருந்தும் ஒரு பிளக் பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். அதை மட்டும் போட்டு ஓட்டினால் மிக்ஸி கருகிவிடும். வோல்ட்டைக் குறைக்கத் தனியாக டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பின்னின் உருவத்தை மாற்றுவது வேறு, மின் அழுத்தத்தை மாற்றுவது வேறு. காருக்கும் இதுவே சட்டம்.

நம் நாட்டில் இந்தக் குழப்பம் வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. மின்சாரக் கார்கள் தொடங்கிய காலத்தில் பலவும் குறைந்த வோல்ட்டில் ஓடின. மகிந்திரா இ-வெரிட்டோ, முதலில் வந்த டாடா டிகோர் மின்சாரக் கார் ஆகியவை 72 வோல்ட் வண்டிகள். இவற்றுக்கு ஏற்றாற்போல் 2017-இல் 'பாரத் டி.சி.-001' என்ற வேகச் சார்ஜர் வகுக்கப்பட்டது. அதன் சக்தி 15 கிலோவாட். 72 வோல்ட்டில் அவ்வளவு சக்தி வேண்டுமென்றால் 200 ஆம்பியர் ஓட வேண்டும். அதன் பிளக் சீனாவின் ஜி.பி.டி. வகை.

பிறகு வந்த கார்கள் 300 வோல்ட்டுக்கு மேல் போய்விட்டன. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான், எம்.ஜி. இசட்.எஸ். ஆகிய மின்சாரக் கார்கள் ஐரோப்பாவில் வழங்கும் சி.சி.எஸ்.-2 என்ற பிளக்கை ஏற்றுக்கொண்டன. இன்று நெடுஞ்சாலைகளில் நாம் காணும் வேகச் சார்ஜர்களில் பெரும்பாலானவை இந்த வகையே. இவை பொதுவாக 150 அல்லது 200 வோல்ட்டுக்குக் கீழே வேலை செய்வதில்லை.

மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறை, ஒவ்வொரு பொது ஸ்டேஷனிலும் எல்லா வகைப் பிளக்குகளும் இருக்க வேண்டும் என்றது. 2019 அக்டோபரில் அதைத் திருத்தி, எந்த வகையை வைப்பது என்பதை ஸ்டேஷன் அமைப்பவரின் விருப்பத்துக்கு விட்டது. எந்தச் சரக்கு போகிறதோ அதைத்தானே கடைக்காரர் அடுக்குவார்? பழைய வகைப் பிளக்குகள் அருகிப் போனதில் வியப்பில்லை.

அடாப்டரில் மூன்று வகை

எல்லா அடாப்டரும் ஏமாற்று என்று சொல்லவில்லை. எது எதைச் செய்யும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

முதல் வகை, உருவத்தை மட்டும் மாற்றுவது. வீட்டு மின்சாரம் போன்ற ஏ.சி. மின்சாரம் தரும் கம்பங்களில் இது பயன்படும். இரு பக்கமும் ஒரே 230 வோல்ட்தான். ஆனால் வேகம் கூடாது. கம்பத்தில் 7 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும், காருக்குள் இருக்கும் சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால் அவ்வளவுதான் இழுக்கும். 18 யூனிட் பேட்டரி நிறைய ஆறு மணி நேரம் ஆகும். அடாப்டரில் 'ஃபாஸ்ட்' என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் அது மூன்று மணி நேரம் ஆகிவிடாது.

இரண்டாம் வகை துபாஷி போன்றது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் வணிகருக்கும் நடுவே துபாஷி நின்று பேச்சை மாற்றிச் சொன்னார். வேகச் சார்ஜரும் காரும் மின்சாரம் ஓடுவதற்கு முன் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எத்தனை வோல்ட் வேண்டும், எத்தனை ஆம்பியர் தாங்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்று கார் கேட்க, ஸ்டேஷன் கொடுக்கிறது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த ஜப்பானின் நிசான் லீஃப் கார் 'சாடெமோ' என்ற முறையில் பேசும். சி.சி.எஸ். ஸ்டேஷன் வேறு முறையில் பேசும். இரண்டையும் இணைக்கும் அடாப்டரின் உள்ளே சிறு கணினியும் அதை இயக்கும் மென்பொருளும் இருக்கின்றன. பழைய லீஃப் வைத்திருப்போர் வெளிநாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தக் காரின் பேட்டரி 300 வோல்ட்டுக்கு மேற்பட்டது என்பதால் அங்கே இது செல்லுகிறது. அப்படியும் ஒரு ஸ்டேஷனில் ஏறும், அடுத்ததில் மறுக்கும். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டி வரும்.

மூன்றாம் வகைதான் எங்களுக்கு விற்கப்பட்டது. உருவமும் பொருந்துகிறது, பேச்சும் மாற்றப்படுகிறது. ஆனால் கார் கேட்கும் வோல்ட் அந்த ஸ்டேஷனிடம் இல்லை. துபாஷி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், கடையில் இல்லாத சரக்கை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பார்?

ஆபத்தும் உண்டு

எங்கள் விஷயத்தில் பணம் மட்டும் போயிற்று. ஸ்டேஷன் மறுத்துவிட்டதால் காருக்கோ ஆளுக்கோ கேடு இல்லை. எல்லா அடாப்டரிலும் அப்படியே நடக்கும் என்று நம்பக்கூடாது. வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு வருவதால், பிளக்கைப் பிடுங்கும்போது எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. வேகச் சார்ஜரின் டி.சி. மின்சாரம் அப்படி இறங்குவதில்லை. பொறி அணையாமல் நீண்டு எரியும். ஆகவேதான் சார்ஜ் ஏறும்போது பிளக் கழன்று வராதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். நடுவே ஓர் அடாப்டர் வந்தால் பூட்ட வேண்டிய இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகிறது. அதன் பூட்டு சரியில்லை என்றாலும், உள்ளே இருக்கும் உலோகத் தொடுப்பு தளர்ந்து சூடேறினாலும் விபரீதம்தான். கார் தயாரிப்பாளரோ சார்ஜர் தயாரிப்பாளரோ ஒப்புக்கொண்ட அடாப்டரையே பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேசத் தர விதிகள் சொல்வது இதனால்தான்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. காரின் சார்ஜ் மூடியைத் திறந்து பாருங்கள். மேலே ஏழு துளையுள்ள வட்டமும் அதன் கீழே இரண்டு பெரிய துளைகளும் இருந்தால் அது சி.சி.எஸ்.-2. ஒரே வட்டத்தில் ஒன்பது துளைகள் இருந்தால் பழைய ஜி.பி.டி. வகை.

2. பேட்டரியின் வோல்ட்டைக் கையேட்டிலோ, வண்டியில் உள்ள தகட்டிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. பெயரை மட்டும் நம்ப வேண்டாம். 2021-இல் வந்த புதிய டிகோர் 300 வோல்ட்டுக்கு மேற்பட்டது, சி.சி.எஸ்.-2 கொண்டது. முந்தைய டிகோர் 72 வோல்ட். பெயர் ஒன்று, சரக்கு வேறு.

4. விலை பேசுமுன் காரை நீங்கள் வழக்கமாகப் போகும் ஊரின் ஸ்டேஷனுக்கே கொண்டுபோய், கால் மணி நேரம் ஏற்றிப் பாருங்கள். எள்ளைக் கையில் தேய்த்துப் பார்க்காமல் மூட்டைக்கு விலை சொல்வோமா?

5. அடாப்டர் வாங்கினால், "இன்ன காருக்கு, இன்ன வகை ஸ்டேஷனில் வேலை செய்யும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்று பொதுவாக ஏற்பதில்லை. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்வோருக்கு மட்டும் விலக்கு உண்டு. கடைப் பெயரில் வாங்கும் நமக்கு எழுத்தில் உள்ளதுதான் துணை.

விற்கும் நமக்கும் ஒரு சொல்

எங்களுக்கு அடாப்டர் விற்றவர் கெட்டவர் அல்லர். நம்மைப் போன்ற வணிகர்தான். பெட்டியில் இருந்ததைப் படித்தார், தமக்குச் சரக்கு கொடுத்தவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போய், சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பாதிப் பணம் கொடுத்தார். மீதியைக் கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், நாங்களும் எத்தனையோ முறை மேலே இருப்பவர் சொன்னதை அப்படியே கீழே சொல்லி விற்றிருக்கிறோம்.

நம் சங்கத்தில் மின்சாதனக் கடை, வாகன உதிரிபாகக் கடை வைத்திருப்போர் பலர் உண்டு. இந்த அடாப்டர்கள் இனி உங்கள் கடைகளுக்கும் வரும். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். வாடிக்கையாளரிடம் காரின் பெயர், ஆண்டு, வோல்ட் மூன்றையும் கேட்டுவிட்டுப் பிறகு கொடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஒரு விற்பனை போனால் போகட்டும்.

அந்தக் கார் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. கிட்டங்கியில் நல்ல எர்த் எடுத்து, தனி வயர் இழுத்து, கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்சுடன் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட் வைத்தோம். இரவு முழுவதும் ஏறுகிறது. பகலில் சிவகாசிக்கும் சாத்தூருக்கும் ஓடுகிறது. மதுரைக்கு மட்டும் பஸ்ஸில் போய்வருகிறோம். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருந்தால் அடாப்டரே வாங்கியிருக்க மாட்டோம்.