செவிக்கு ஈடாகுங் கருவிப்பலகை

புங்குடுதீவுக் கரையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகேறிய அன்பர் பலர் ஒன்றைக் கவனித்திருப்பர். படகோட்டி எஞ்சினைப் பார்ப்பதில்லை, கேட்கின்றார். அதன் ஓசை சிறிது பிசகினும் அவர் கை உடனே வேகத்தைக் குறைக்கும். அவ்வாறாயின், செவிப்புலன் இல்லாத ஒருவர் அப்படகைச் செலுத்த விரும்பினால் யாது செய்வது? கடலில் எழும் இவ்வினா வானத்தில் இன்னுங் கடுமையாக எழும். அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது வெறுங் கற்பனையன்று. கேரளத்துத் தொடுபுழைக்கு அண்மையில் வாழும் சஜி தோமஸ் என்பவர் பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவர். அவர் தம் கையாலேயே சிறு விமானமொன்றைக் கட்டினார். 2014 ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு மணிமுத்தாற்றில் அது வானில் எழுந்தது. அவர் வரலாற்றைத் தழுவி 2017 இல் 'விமானம்' என்னும் மலையாளத் திரைப்படமும் வெளிவந்தது. இத்தகைய ஒருவர்க்குக் கருவிப்பலகை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஆராய்வோம்.

விமானியின் முன்னுள்ள பலகையில் காற்றுவேகமானி, உயரமானி, திசைகாட்டி ஆகியனவும், எஞ்சினின் சுழற்சி, எண்ணெய் அழுத்தம், வெப்பம், எரிபொருள் ஆகியவற்றைக் காட்டும் மானிகளும் இருக்கும். தொழிற்சாலையில் அமைந்த விமானத்தின் பலகையை நினைத்தவாறு மாற்றல் எளிதன்று. தாமே கட்டுபவரோ அதனைத் தம் உடலுக்கேற்ப வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, செவி செய்யும் வேலையைக் கண்ணுக்குக் கொடுத்தல் வேண்டும். எஞ்சின் மானிகள் காலடியில் மறைந்திராமல் பார்வைக்கு அண்மையில் இருத்தல் நன்று. அவற்றைச் சிறிது திருப்பிப் பொருத்தினால், யாவும் சீராயுள்ளபோது முட்களெல்லாம் ஒரே திசையை நோக்கி நிற்கும். ஒரு முள் விலகினும், எண்ணை வாசிக்கு முன்னரே கண் அதனைக் கண்டுகொள்ளும்.

இரண்டாவது, எச்சரிக்கை ஒரு புலனை மட்டும் நம்பியிருத்தலாகாது. சிறகு காற்றை எதிர்கொள்ளுங் கோணம் அளவுக்கு மிஞ்சினால் அது தாங்குஞ் சக்தியை இழந்துவிடும். சிறு விமானங்கள் பலவற்றில் இவ்வாபத்தை ஓர் ஊதொலியே உணர்த்துகின்றது. கேளாதவர்க்கு அதனாற் பயனில்லை. பலகையின் மேல்விளிம்பில் ஒரு விளக்கும், கைப்பிடியில் ஓர் அதிர்வும் அமைத்தால் குறை தீரும். பெரும் பயணிகள் விமானங்களிற் கைப்பிடியை அதிரச் செய்யும் இம்முறை முன்னரே உண்டு. நிறத்தை மட்டும் நம்புதலும் தவறு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதார் பலர். ஆதலின் இடமும் வடிவமும் பொருளை உணர்த்தல் வேண்டும்.

வடிவத்தின் சிறப்பை இரண்டாம் உலகப்போர் காட்டிற்று. பி-17 ரகக் குண்டுவீச்சு விமானங்களை இறக்கிய விமானிகள் சிலர், சிறகின் மடிப்பை உயர்த்துவதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டனர். விமானம் வயிற்றால் நிலத்தில் விழுந்தது. பழி விமானி மேல் வந்தது. அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளநூலார் ஆராய்ந்தபோது, இரு விசைகளும் அருகருகே ஒரே தோற்றத்துடன் இருக்கக் கண்டார். ஒன்றிற்குச் சிறு சக்கர வடிவும் மற்றதற்கு ஆப்பு வடிவும் அளிக்க, கையே வேறுபாட்டை அறிந்தது. குறை மனிதரிடத்தன்று, பலகையிடத்தே என்பது புலனாயிற்று. அவ்விமானிகளோ குறையற்ற உடலினர்!

அமெரிக்காவின் எர்கூப் விமானமும் நினைக்கத்தக்கது. பிரெட் வீக் அதனைக் காற்பலகை இன்றியே திருப்பக்கூடியதாக அமைத்தார். சாதாரண மக்கள் எளிதில் ஓட்டுவதே அவர் கருத்து. பல்லாண்டுகளின் பின், கைகளின்றிப் பிறந்த ஜெசிக்கா கொக்ஸ் அவ்விமானத்தைக் கால்களாற் செலுத்தி 2008 இல் விமானி உரிமம் பெற்றார்.

வானொலிப் பேச்சைக் கேளாதார்க்கும் வழி முற்றாய் அடைபடவில்லை. பறக்கும் விமானத்திற்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் நிலையான பச்சை ஒளி காட்டினால் இறங்கலாம். நிலையான சிவப்பாயின் பிறர்க்கு வழிவிட்டு வட்டமிடல் வேண்டும். வானொலி கட்டாயமாகாத பறப்புக்களுக்கு மட்டுமென்ற வரையறையுடன் அமெரிக்காவிற் கேளாதார்க்கு உரிமம் வழங்கப்படுகின்றது.

மாணவச் செல்வர்களே! இதனைக் கற்க விமானம் வேண்டியதில்லை. ஒரு மட்டையில் மானிகளையும் விசைகளையும் வரைந்து முன்னே நிறுத்துங்கள். நாற்காலியில் உடலைப் பட்டியாற் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு விசையையும் தொட்டுப் பாருங்கள். பின்பு செவியை அடைத்துக்கொண்டு, எந்த ஆபத்து உங்களுக்குத் தெரியாமற் போகும் என எண்ணிப் பாருங்கள். எட்டாத விசையை இடம் மாற்றுங்கள். தெரியாத ஆபத்திற்கு விளக்கொன்று சேருங்கள். தகட்டை வெட்டுமுன் மட்டையைத் திருத்துதல் எளிது.

குறிகட்டுவான் படகிலும் எண்ணெய் அழுத்தமானியொன்றும் சிறு விளக்கொன்றும் கண்ணெதிரே இருப்பின், செவி கேளாதவரும் எஞ்சினின் நிலையை அறிவர். பேரலையின் இரைச்சலில் எஞ்சினின் ஓசை அமிழும் நாளில், செவியுடைய படகோட்டிக்கும் அவ்விளக்கே துணையாகும்.