ஷவர் டைவர்டர் வாங்கப் போறீங்களா? டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க!

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் பழைய ஃபிளாட்டில் பாத்ரூமைப் புதுப்பிப்பவர்கள் பலர், சுவருக்குள் பதிக்கும் டைவர்டரைக் கேட்கிறார்கள். வெளியே ஒரு தகடும் லீவரும்தான் தெரியும், பார்க்க அழகு. ஆனால் உள்ளே கசிந்தால் டைல்ஸை உடைக்கணும். அதனால மாடலைப் பார்க்கும் முன் உங்க வீட்டுத் தண்ணியையும் சுவரையும் பாருங்க.

டைவர்டர் என்ன பண்ணும்?

சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் தனித்தனி பைப்பில் வரும். லீவர் இரண்டையும் கலக்கும். பட்டனை மாற்றினால் தண்ணீர் ஷவருக்கோ, கீழே உள்ள குழாய்க்கோ போகும்.

பிரஷர் போதுமா?

மெட்ரோ வாட்டர் சம்ப்பில் நிரம்பி, மோட்டாரில் மொட்டை மாடி டேங்குக்கு ஏறி, அங்கிருந்து இறங்குவதுதான் இங்கே வழக்கம். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் பிரஷர் கிடைக்கும். நாலு மாடி கட்டடத்தின் தரைத்தளத்துக்கு அது வந்துவிடும். ஆனால் மேல்தளத்தில் டேங்குக்கும் ஷவருக்கும் 2, 3 மீட்டர்தான் இடைவெளி, அதாவது 0.2 முதல் 0.3 பார். அங்கே பெரிய ரெயின் ஷவர் மாட்டினால் தண்ணீர் சொட்டும். குறைந்தபட்சம் எவ்வளவு பிரஷர் தேவை என்று கேட்லாக்கில் பார்த்து வாங்குங்க.

பிரஷர் பம்ப் போடுவதாக இருந்தால், கீசர் லைனும் பச்சைத்தண்ணி லைனும் பம்புக்குப் பிறகுதான் பிரியணும். ஒன்றுக்கு மட்டும் பம்ப் இருந்தால் சூடு ஒரே மாதிரி நிற்காது.

உப்புத் தண்ணியா?

2013-ல் நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகும், தென் சென்னையில் பல அபார்ட்மென்ட்களில் போர் தண்ணியும் சேர்ந்தே வருது. உப்பு படிந்தால் ஷவர் துளை அடைக்கும். டைவர்டருக்குள் இருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இறுகும். அந்த கார்ட்ரிட்ஜ் தனியா கிடைக்குமா, டைல்ஸை உடைக்காமல் முன்பக்கமாகவே கழற்ற முடியுமா என்று கடையிலேயே கேளுங்க.

பிளம்பரிடம் என்ன சொல்லணும்?

* நமக்கு இடப்பக்கம் சுடுதண்ணி, வலப்பக்கம் பச்சைத்தண்ணி. சுடுதண்ணிக்கு சிபிவிசி பைப்; சாதாரண பிவிசி வேண்டாம்.
* டைவர்டரோடு சேரும் இடத்தில் பித்தளை மரை உள்ள ஃபிட்டிங் போடணும்.
* நாலரை இன்ச் சுவரா? டைவர்டரின் ஆழத்தை அளந்த பிறகே காடி வெட்டணும். கான்கிரீட் தூணை மட்டும் வெட்டவே கூடாது.
* பாடியின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடியில் டைல்ஸ் மட்டத்துக்கு அளவு போட்டிருக்கும். அதற்கு மேல் பாடி உள்ளே போனால் தகடு, லீவர் சரியாக உட்காராது.
* பழைய ஜிஐ பைப் இருந்தால், துரு போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகே டைவர்டரை இணைக்கணும்.
* சுவரை மூடும் முன் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். மீட்டர் முள் இறங்கினால் எங்கேயோ கசிவு இருக்கு.

வாடகை வீடா, தூண் குறுக்கே வருதா?

சுவருக்கு வெளியே மாட்டும் வால் மிக்சரே போதும். அதே வேலையைச் செய்யும். ரிப்பேர் வந்தால் டைல்ஸைத் தொட வேண்டியதில்லை.

கடைசியா ஒண்ணு: டைல்ஸ் ஒட்டும் முன் பைப் லைனை அளவுகோலோடு போட்டோ எடுத்து வையுங்க. நாளைக்குச் சுவரில் டிரில் போடும்போது பைப்பில் ஓட்டை விழாமல் அதுதான் காப்பாத்தும்.