கல்லறை ஊரில், வேலை விக்ரோலியில்: கல்லறைத் திருநாளுக்குப் போக முடியலைன்னா என்ன?

தாத்தாவின் கல்லறை தூத்துக்குடியில். வேலையோ மும்பை விக்ரோலியில். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு லீவு கிடைக்கலை. ஊருக்குப் போய் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றாவிட்டால், இறந்தவருக்கான ஜெபம் குறைபட்டுப் போகுமா?

போகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் விதிகளைப் பார்த்தால், ஜெபம் ஆளுக்கானது, இடத்துக்கானது இல்லை.

எதற்காக இந்த ஜெபம்?

கடவுளின் அருளில் இறந்தாலும் முழுத் தூய்மை அடையாதவர்கள், மோட்சத்துக்கு முன் ஒரு தூய்மைப்படுத்தலைக் கடக்கிறார்கள் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. பாட்டிமார் 'உத்தரிக்கிற ஸ்தலம்' என்று சொல்வது இதைத்தான். உயிரோடு இருப்பவர்களின் ஜெபம், பூசை, தர்மம் எல்லாம் அவர்களுக்குத் துணை செய்யும். ஆனால், நரகத் தீர்ப்பை மாற்றும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

எப்போது தொடங்கியது?

போரில் இறந்த வீரர்களுக்காக யூதா மக்கபே 2,000 வெள்ளி திராக்மா திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதாக 2 மக்கபேயர் 12-ஆம் அதிகாரம் சொல்கிறது. கத்தோலிக்கர்கள் காட்டும் முக்கிய ஆதாரம் இது. சீர்திருத்த சபைகளின் பைபிளில் இந்த நூல் இல்லை. தமிழ்நாட்டில் அந்தச் சபைகளைச் சேர்ந்த பலரும் நவம்பர் 2-ல் கல்லறைக்குப் போகிறார்கள். ஆனால் இறந்தவரை நினைப்பதோடு சரி, அவருக்காக ஜெபிப்பது அவர்களின் போதனையில் இல்லை.

நவம்பர் 2 என்ற தேதி பிரான்சின் குளூனி மடத்திலிருந்து வந்தது. சுமார் 998-ல் மடாதிபதி ஒடிலோ அதை ஏற்படுத்தினார்.

ஊருக்குப் போகணுமா?

நவம்பர் 1 முதல் 8 வரை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், இறந்தவர்களுக்காக மனசுக்குள் ஜெபித்தாலே போதும். அவர்களுக்காகப் பரிபூரண பலன் பெறலாம். கூடவே பாவசங்கீர்த்தனம், நற்கருணை, போப்பின் கருத்துகளுக்காக ஒரு ஜெபம் வேண்டும். சொந்தக்காரர் புதைக்கப்பட்ட இடமாகத்தான் இருக்கணும் என்று விதி சொல்லவில்லை. விக்ரோலிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லறைத் தோட்டமே போதும். கொரோனா பரவிய 2020-ல் வத்திக்கான் இதை நவம்பர் முழுவதற்கும் நீட்டித்தது. வெளியே போக முடியாதவர்கள் வீட்டில் இயேசு அல்லது மாதா படத்துக்கு முன்பே ஜெபிக்கவும் அனுமதித்தது.

அப்போ கல்லறை எதற்கு?

மும்பையில் பலருக்குக் கல்லறையே நிரந்தரமில்லை. இடநெருக்கடியால், சில ஆண்டுகளில் எலும்புகளை எடுத்துச் சுவரில் உள்ள சிறு மாடத்தில் வைத்துப் பெயர் பதிப்பது இங்கே பல பங்குகளின் வழக்கம். அந்தக் குழி அடுத்தவருக்குப் போகும்.

தகனத்தையும் திருச்சபை 1963-ல் அனுமதித்துவிட்டது. ஆனால் சாம்பலைத் தூவவோ, பொதுவாக வீட்டில் வைக்கவோ கூடாது என்று 2016-ல் வத்திக்கான் சொன்னது. அது சொன்ன காரணங்களில் ஒன்று: பொதுவான புனித இடத்தில் இருந்தால், இறந்தவர் மற்றவர்களின் ஜெபத்திலிருந்தும் நினைவிலிருந்தும் விடுபட மாட்டார். கல்லறை, நம் ஞாபகத்துக்கான ஏற்பாடு.

பூசைக்குப் பணம் கொடுத்தே ஆகணுமா?

இறந்தவர் பெயரில் வைக்கும் பூசைக்குக் கொடுப்பது காணிக்கை, விலை இல்லை. திருச்சபைச் சட்டத்தின் 947-ஆம் விதி, இதில் வியாபாரத்தின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. காணிக்கை இல்லாவிட்டாலும் வசதியற்றவர்களின் கருத்துக்காகப் பூசை வைக்குமாறு 945-ஆம் விதி குருக்களிடம் வலியுறுத்துகிறது. ஒரே நாளில் பல பூசை வைத்தாலும், கிறிஸ்துமஸ் தவிர, ஒரு காணிக்கையை மட்டுமே குரு தனக்கென வைத்துக்கொள்ளலாம் (951-ஆம் விதி).

இந்தக் கவனத்துக்கு வரலாறு உண்டு. பலன்கள் விற்கப்பட்டதை 1517-ல் மார்ட்டின் லூதர் எதிர்த்தார். இந்த ஜெபத்தை உறுதிசெய்த 1563-ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கமும், அதில் பணம் பார்ப்பதைத் தடுக்கும்படி ஆயர்களுக்கு உத்தரவிட்டது.

ஆக, ஊருக்கு டிக்கெட் கிடைக்கலையா? உங்கள் பங்கு அலுவலகத்தில் தாத்தாவின் பெயரை எழுதிக் கொடுங்கள். கையில் காசு இல்லையென்றால் ஃபாதரிடம் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.