பவள மீன்தொட்டியில் நீரோட்டம்

பவள மீன்தொட்டியில் நீரோட்டம் என்பது, வீட்டில் உப்புநீர்த் தொட்டி அமைத்துப் பவள உயிரிகளை வளர்ப்போர், கடலில் அலையாலும் ஓதத்தாலும் இயல்பாக நிகழும் நீரசைவைப் பம்புகளின் துணையுடன் செயற்கையாக ஏற்படுத்தும் முறையைக் குறிக்கும். ஒளி, வெப்பநிலை, உப்புத்தன்மை, நீரின் வேதியியல் ஆகியவற்றைப் போலவே நீரோட்டமும் பவளங்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் அடிப்படைக் காரணியாகும். ஒரு நாள் முழுவதும் ஒளி இல்லாவிட்டாலும் பவளங்கள் தாங்கிக்கொள்ளும். ஆனால் உயிரிகள் நெருக்கமாக உள்ள தொட்டியில் நீரசைவு சில மணி நேரம் நின்றாலே அவை இறக்க நேரிடலாம். வெப்பம் மிகுந்ததும் மின்தடைக்கு உள்ளாவதுமான உள்நாட்டு ஊர்களில், எடுத்துக்காட்டாக விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகியவற்றில், இது கூடுதல் கவனம் வேண்டும் பொருளாகிறது.

நீரோட்டத்தின் தேவை

பவளம் ஒரு விலங்கு ஆகும். ஆயினும் மீனைப் போல இடம்விட்டு இடம் நகர இயலாது. உணவு, ஆக்சிசன், ஓடு கட்டத் தேவையான கால்சியம் முதலியவற்றை நீரே அதனிடம் கொண்டுவர வேண்டும். கழிவுகளையும் நீரே எடுத்துச் செல்ல வேண்டும். நீரோட்டத்தின் பணிகள் பின்வருமாறு:

* பவளத்தின் மேற்பரப்பில் வளிமப் பரிமாற்றத்தை விரைவுபடுத்துதல்.
* மிதவை உயிரிகளையும் உணவுத் துகள்களையும் பவளத்தின் உணர்கொம்புகளுக்குக் கொண்டு சேர்த்தல்.
* பவளம் சுரக்கும் கோழைப்படலத்தையும் அதன்மேல் படியும் தூசியையும் அகற்றுதல்.
* தொட்டியின் மேற்பரப்பு நீரை உடைத்து, காற்றிலிருந்து ஆக்சிசன் கரைய உதவுதல்.
* வெப்பம் ஓரிடத்தில் தங்காமல் நீர் முழுவதும் பரவச் செய்தல்.

பெரும்பாலான பவளங்களின் திசுக்களுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் வாழ்கின்றன. இவை பகலில் ஒளிச்சேர்க்கை மூலம் உருவாக்கும் உணவின் பெரும்பகுதியைப் பவளம் பெறுகிறது. அப்போது திசுவில் ஆக்சிசன் அளவுக்கு மிஞ்சிச் சேர்கிறது. அது வெளியேறாவிட்டால் திசுவுக்கே கேடு விளையும். இரவில் நிலைமை தலைகீழாகிறது. பவளமும் பாசியும் ஆக்சிசனைச் செலவிடுவதால் மேற்பரப்பில் பற்றாக்குறை தோன்றுகிறது. இரு நிலைகளிலும் சமநிலையைப் பேணுவது நீரோட்டமே.

எல்லைப் படலம்

ஓடும் நீரில் உள்ள எந்தப் பொருளின் மேற்பரப்பையும் ஒட்டி, ஏறத்தாழ அசைவற்ற மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். இது எல்லைப் படலம் எனப்படும். இப்படலத்தின் ஊடாக வளிமங்களும் உப்புகளும் விரவல் மூலமாக மட்டுமே செல்ல முடியும். விரவல் மிக மெதுவானது. அதற்கு ஆகும் நேரம் தொலைவின் இருமடிக்கு ஏற்ப மிகுகிறது. ஆக்சிசன் மூலக்கூறு நீரில் 1 மி.மீ. தடிப்புள்ள படலத்தைக் கடக்க ஏறத்தாழ 4 நிமிடங்கள் ஆகும். படலம் 0.2 மி.மீ. ஆக மெலிந்தால் அதே பயணம் ஏறத்தாழ 10 நொடிகளில் முடிந்துவிடும். தடிப்பு ஐந்தில் ஒரு பங்கானால் நேரம் இருபத்தைந்தில் ஒரு பங்காகிறது. நீரோட்டத்தின் வேகம் கூடும்போது எல்லைப் படலம் மெலிகிறது. பவளத்துக்கு நீரோட்டம் தேவைப்படுவதன் இயற்பியல் காரணம் இதுவேயாகும்.

வெப்பத்தால் பவளங்கள் பாசிகளை இழந்து வெளிறிப்போவதிலும் நீரோட்டத்துக்குப் பங்குண்டு. சப்பானின் ஒக்கினாவாவில் 1998இல் ஏற்பட்ட வெளிறலை அடுத்து மேற்கொள்ளப்பட்டு 2001இல் வெளியான ஆய்வு, ஒரே வெப்பநிலையில் விரைவான ஓட்டத்தில் இருந்த பவளங்கள் தேங்கிய நீரில் இருந்தவற்றைவிட நன்கு பிழைத்ததைக் காட்டியது.

நீரோட்டத்தின் வகைகள்

* சீரோட்டம்: நீர் ஒரே திசையில் ஒழுங்காகச் செல்வது. பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் தொடர்ந்து அடிபடும். மறுபக்கம் கழிவு தேங்கும்.
* கொந்தளிப்போட்டம்: இரண்டு ஓட்டங்கள் மோதுவதாலோ ஓட்டம் பாறையில் மோதிச் சிதறுவதாலோ உண்டாகும் ஒழுங்கற்ற சுழல்கள். பவளத்தின் எல்லாப் பக்கமும் நீர் படுவதால் பெரும்பாலான பவளங்களுக்கு இதுவே ஏற்றது.
* அலையோட்டம்: நீர் முன்னும் பின்னுமாக அசைவது. ஆழமற்ற கடற்பாறைகளில் காணப்படும் இயற்கை நிலைக்கு மிக நெருங்கியது.

அலையோட்டத்தை உருவாக்கும் எளிய கருவிகளுள் ஒன்று, ஹவாயின் வைகிக்கி நீர்வாழ் உயிரினக் காட்சியகத்தில் பணியாற்றிய புரூசு கார்ல்சன் பெயரால் அறியப்படுகிறது. பவளத்தொட்டிக்கு மேலே வைக்கப்பட்ட சிறு தொட்டியைப் பம்பு மெதுவாக நிரப்பும். நீர்மட்டம் வளைகுழாயின் முகட்டை எட்டியதும் உறிஞ்சுகுழாய்த் தத்துவத்தின்படி நீர் முழுவதும் ஒரே வீச்சில் கீழே பாயும். காற்று உட்புகுந்ததும் பாய்ச்சல் நின்று, மீண்டும் நிரம்பத் தொடங்கும். தற்காலத்தில் வேவ்மேக்கர் எனப்படும் பம்புகள் வேகத்தை மின்னணு முறையில் கூட்டிக் குறைத்து இதையொத்த விளைவைத் தருகின்றன.

அளவிடுதல்

சுழற்சி வீதம்

தொட்டியிலுள்ள எல்லாப் பம்புகளும் ஒரு மணி நேரத்தில் தள்ளும் நீரின் அளவைத் தொட்டியின் கொள்ளளவால் வகுத்தால் கிடைப்பது சுழற்சி வீதம். வளர்ப்போரிடையே வழக்கிலுள்ள தோராய அளவுகள்:

* மென்பவளங்கள், பெரிய பாலிப்புகளுடைய வன்பவளங்கள்: 10 முதல் 20 மடங்கு.
* அக்ரோப்போரா, மான்டிப்போரா போன்ற சிறிய பாலிப்புகளுடைய வன்பவளங்கள்: 30 முதல் 50 மடங்கு அல்லது அதற்கு மேல்.

எடுத்துக்காட்டாக, 120 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. நீர் உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 300 லிட்டர். பாறையும் மணலும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை அடைத்தால் எஞ்சுவது 240 லிட்டர். மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும் பம்புகள் இரண்டை வைத்தால் சுழற்சி வீதம் ஏறத்தாழ 33 மடங்காகும்.

உண்மை வேகம்

சுழற்சி வீதம் மட்டும் முழு உண்மையைச் சொல்வதில்லை. மேற்கண்ட தொட்டியின் குறுக்குவெட்டு 2,500 ச.செ.மீ. மணிக்கு 8,000 லிட்டர் நீர் அதன் வழியே சீராகச் சென்றால் வேகம் நொடிக்கு 0.9 செ.மீ. மட்டுமே. பவளத்துக்கு இது போதாது. நடைமுறையில் பம்பிலிருந்து வெளிப்படும் நீர்த்தாரை சுற்றியுள்ள நீரையும் தன்னோடு இழுத்துச் செல்வதால்தான் வேகம் கூடுகிறது.

பம்பின் வாய் அகலமும் முக்கியமானது. மணிக்கு 4,000 லிட்டர் என்பது நொடிக்கு 1.1 லிட்டர். இது 2 செ.மீ. விட்டமுள்ள வாய்வழியே வந்தால் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3.5 மீட்டர், 5 செ.மீ. வாய்வழியே வந்தால் ஏறத்தாழ 57 செ.மீ. முதலாவது, அருகிலுள்ள பவளத்தின் சதையை எலும்புக்கூட்டிலிருந்து உரித்துவிடக் கூடியது. எனவே ஒரே அளவு நீரைத் தள்ளும் பம்புகளுள் அகன்ற வாயும் விசிறி இறக்கையும் கொண்டவையே விரும்பத்தக்கவை.

பவளத்தின் அருகே உள்ள வேகத்தைச் சிறப்புக் கருவி இன்றியும் அளக்கலாம். மீனுணவுத் துகள் ஒன்றை நீரில் விட்டு, கண்ணாடியில் ஒட்டிய அளவுகோலில் 10 செ.மீ. கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு நொடியில் கடந்தால் வேகம் நொடிக்கு 10 செ.மீ. ஆகும்.

பம்புகளை அமைத்தல்

* பம்பைப் பவளத்தின்மேல் நேராகத் திருப்பக் கூடாது. எதிரெதிர்ப் பக்கங்களில் இரு பம்புகளை வைத்து ஓட்டங்களை நடுவில் மோதவிடலாம். அல்லது எதிர்க் கண்ணாடியில் மோதித் திரும்பச் செய்யலாம்.
* பாறைகளைச் சுவர் போல அடுக்காமல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். கண்மாயில் நீர் வேகம் குறையும் இடத்தில் வண்டல் படிவதைப் போல, தொட்டியிலும் ஓட்டம் எட்டாத மூலைகளில் கழிவு படிந்து அழுகும்.
* ஒரு பம்பாவது நீரின் மேற்பரப்பு நெளியும்படி மேல்நோக்கி இருக்க வேண்டும்.
* இறக்கைகளில் சுண்ணாம்புப் படிவும் பாசியும் சேர்ந்தால் ஓட்டம் குறையும். ஓரிரு மாதங்களுக்கு ஒருமுறை பம்பைக் கழற்றி, வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

அறிகுறிகள்

ஓட்டம் குறைவாக இருந்தால் பவளத்தின்மேல் கோழையும் தூசியும் தங்கும். கிளைகளின் அடிப்பகுதி வெளுத்து இறக்கும். மணல்மேல் செந்நிறப் படலமாக நீலப்பச்சைப் பாக்டீரியா பரவும். ஓட்டம் மிகுந்தால் பாலிப்புகள் விரியாமல் உள்ளிழுத்தே இருக்கும். மென்பவளங்கள் ஒரே பக்கமாகச் சாயும். பெரிய பாலிப்புகள் எலும்புக்கூட்டின் கூரிய விளிம்பில் உரசிக் கிழியும். பாலிப்புகள் விரிந்து, வெவ்வேறு திசைகளில் மென்மையாக அசைந்துகொண்டிருப்பது ஏற்ற ஓட்டத்தின் அடையாளம்.

நீரோட்டம் பவளத்தின் வடிவத்தையும் மாற்றும். போசிலோப்போரா டாமிகோர்னிசு என்னும் ஒரே இனம், வேகமான நீரில் தடித்து நெருங்கிய கிளைகளுடனும், அமைதியான நீரில் மெலிந்து விலகிய கிளைகளுடனும் வளர்கிறது.

இயற்கை முன்மாதிரி: மன்னார் வளைகுடா

தமிழ்நாட்டின் முதன்மையான பவளப் பாறைகள் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அமைந்துள்ளன. இத்தீவுகள் 21, அவற்றுள் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. இப்பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கு நீரோட்டத்தின் திசை பருவக்காற்றுகளுக்கு ஏற்ப மாறுகிறது. ஒரே திசையில் ஓயாது அடிக்கும் நீர் இயற்கையில் இல்லை என்பதற்கு இது சான்றாகும்.

கோடையில் கடல்நீர் 30 பாகை செல்சியசைக் கடந்து சூடாகும் காலத்தில் இங்கு வெளிறல் காணப்படுகிறது. 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட கடுமையான வெளிறலில் பல பவளங்கள் இறந்தன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இப்பாறைகளைக் கண்காணித்து வருவதோடு, பவளத் துண்டுகளைச் செயற்கைத் தளங்களில் நட்டு மீட்கும் பணியையும் செய்துவருகிறது.

உள்நாட்டு ஊர்களில்

இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மன்னார் வளைகுடாக் கரையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ளன. இத்தகைய ஊர்களில் பவளத்தொட்டி வைப்பதில் மூன்று இடர்கள் உண்டு.

நீர்

கடல்நீர் கிட்டாத இடத்தில், ஆர்.ஓ. முறையில் தூய்மையாக்கிய நீரில் கடலுப்புக் கலவையைக் கரைத்துப் பயன்படுத்துவர். 240 லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ கலவை தேவை. தூத்துக்குடி உப்பளங்களில் விளையும் சமையல் உப்பு இதற்கு ஈடாகாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. பவளத்துக்கு வேண்டிய கால்சியம் உப்பு விளையும் முன்பே பெரிதும் படிந்து நீங்கிவிடுகிறது; மக்னீசியம் உப்பளத்தில் எஞ்சும் நீரோடு பெரிதும் நீங்கிவிடுகிறது.

வெப்பம்

பம்பு செலவிடும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் நீரில் வெப்பமாகவே சேர்கிறது. நீருக்குள் இயங்கும் 40 வாட் பம்புகள், வெப்பம் வெளியேறாத நிலையில், 240 லிட்டர் நீரை ஒரு நாளில் ஏறத்தாழ 3.5 பாகை சூடாக்கும். ஆகவே கோடையில் ஓட்டத்தைக் கூட்ட எண்ணிப் பழைய வகைப் பம்புகளைப் பெருக்குவது எதிர்விளைவைத் தரும். குறைந்த மின்செலவுள்ள நேர்மின்னோட்டப் பம்புகளும், மேற்பரப்பில் வீசும் சிறு மின்விசிறியும் ஏற்றவை. ஆவியாகும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்புத்தன்மை ஏறிவிடும்.

மின்தடை

2012ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அந்நிலை பின்னர் நீங்கியபோதும், துணைமின் நிலையப் பராமரிப்புக்காக முன்னறிவிப்புடன் பகலில் பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படுவது வழக்கமாக உள்ளது. 25 பாகையில் ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும். 30 பாகையில் 6.2 மில்லிகிராம் மட்டுமே. அதாவது 240 லிட்டர் தொட்டியில் உள்ள மொத்த இருப்பு ஏறத்தாழ 1.5 கிராம். மீன், பவளம், பாக்டீரியா ஆகிய அனைத்தும் இதையே பகிர்ந்துகொள்கின்றன. வெப்பம் கூடும்போது இருப்பு குறைகிறது. உயிரிகளின் தேவையோ கூடுகிறது.

வீட்டு இன்வெர்ட்டரில் ஒரு வேவ்மேக்கரை மட்டும் இணைப்பது எளிய தீர்வு. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பாதியைச் செலவிட்டால், இழப்புகள் போக, 20 வாட் பம்பு ஏறத்தாழ 36 மணி நேரம் இயங்கும். விளக்குகளை இணைக்கத் தேவையில்லை. இன்வெர்ட்டர் இல்லாதோர் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பை வைத்துக்கொள்ளலாம். அதுவும் இல்லாதபோது, குவளையால் நீரை மொண்டு சற்று உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றுவது தற்காலிகமாக உதவும்.

மின்சாரம் நின்றதும் மேல்தொட்டி நீர் குழாய்வழியே கீழுள்ள சம்ப் தொட்டிக்குத் திரும்பி வழியும். மேற்கண்ட தொட்டியில் மட்டம் 4 செ.மீ. இறங்கினால் வரும் நீர் 24 லிட்டர். அதற்கு இடமில்லாவிட்டால் நீர் தரையில் கொட்டும். திரும்புகுழாயின் வாயை மேற்பரப்பை ஒட்டியே வைப்பதும், சம்ப் தொட்டியில் போதிய வெற்றிடம் விடுவதும் இதைத் தவிர்க்கும்.

சட்டநிலை

இந்தியாவின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் பட்டியலில் பாறை அமைக்கும் வன்பவளங்கள், கரும்பவளம், தீப்பவளம், குழல்பவளம், கடல்விசிறி ஆகியவை 2001இல் சேர்க்கப்பட்டன. இவற்றை மன்னார் வளைகுடா உள்ளிட்ட இந்தியக் கடல்களிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். முதல் பட்டியல் உயிரிகள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் தண்டமும் விதிக்கப்படலாம். வன்பவளங்களின் பன்னாட்டு வணிகமும் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்படுகிறது. எனவே உரிய ஆவணமின்றி விற்கப்படும் பவளத்தையோ, கடலிலிருந்து பெயர்த்த "உயிர்ப்பாறை"யையோ வாங்குவது தவிர்க்கப்பட வேண்டும். செயற்கைப் பாறைகளும் கடல்மீன்களும் மட்டும் உள்ள தொட்டிக்கும் ஆக்சிசன், வெப்பம், மின்தடை பற்றி மேலே கூறியவை பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

* பவளப் பாறை
* பவள வெளிறல்
* மன்னார் வளைகுடா
* எல்லைப் படலம்
* விரவல்